பத்து விரலும் உண்டு

மீனவர் அட்டைப் பதிவுப் படகு ஏரிக்கரை ஊரான சான் சிரியாக்குக்கு வந்து சேரவில்லை. வழியிலேயே தரைதட்டி நின்றுவிட்டது. அக்டோபர் கடைசியில் ஆற்றுக்கும் ஏரிக்கும் நடுவே இருக்கிற கால்வாயில் முழங்கால் தண்ணீர்கூட நிற்காது என்பது இங்கே பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். நகரத்தில் உட்கார்ந்து தேதி குறிக்கிறவர்களுக்குத்தான் தெரியாது. ஆகவே பதிவு எழுத வந்த ரெனான் என்ற இளைஞன் விரல்ரேகை எந்திரத்தைத் தலையில் சுமந்துகொண்டு, காய்ந்தும் காயாத சேற்றில் அரை மணி நேரம் நடந்து வந்தான். அவனுடைய ஒரு ஷூவைச் சேறு வாங்கி வைத்துக்கொண்டது. இன்னொன்றைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தான். பின்னால் இந்தக் கரை ஊர்க்கதையெல்லாம் தெரிந்த படகோட்டி நொனாத்தோ கணினிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, சிரிப்பை அடக்கத் தெரியாமல் வந்தார்.

அவர்கள் கரையேறிய இடத்தில் இருந்தது பெண்களின் மாவுக் கொட்டகை. தகரக் கூரை, நாலு பக்கமும் திறப்பு, உள்ளே ஆறு பெண்கள்.

"பதிவ எங்க வச்சு எழுதலாம்? பள்ளிக்கூடம் திறந்திருக்கா?" என்று கேட்டான் ரெனான்.

"பள்ளிக்கூடத்துல வச்சா நீ மட்டும்தான் உக்காந்திருப்ப" என்றாள் எர்மெலிந்தா, தலை நிமிராமல். "மீனு நெருப்புல கெடக்கு. விட்டுட்டு வந்தா ஆறிடும். இங்கயே போடு தம்பி உன் கடைய."

அவள் சொன்னது சாக்கு இல்லை. அக்காரி மீனுக்கு மேலெல்லாம் ஓடு. கறுத்த, முள்ளு முள்ளான, ஆணி அடித்தாலும் இறங்காத ஓடு. பிடித்து அரை நாள் ஆனாலும் சாகாது. மூலையில் ஈரப்புல்லுக்கு அடியில் குவித்திருந்த இருநூறு மீனும் இன்னும் முனகிக்கொண்டுதான் இருந்தன. அதை ஓட்டோடு கங்கில் சுட்டு, சூடு இறங்குவதற்குள் ஓட்டைப் பிளந்து சதையை எடுக்க வேண்டும். ஆறிவிட்டால் சதை ஓட்டோடு ஒட்டிக்கொண்டு வம்பு பண்ணும். எடுத்த சதையில் முள் பொறுக்கி, உப்புப் போட்டு, அகலமான இரும்புத் தட்டில் மரத்துடுப்பால் கிளறிக் கிளறி, பொன்னிறமான மாவாக உதிரும்வரை வறுக்க வேண்டும். அதுதான் பிராக்குயி. ஒரு வருஷம் வைத்திருந்தாலும் கெடாது. சான் சிரியாக்கு மாவில் முள் இருக்காது என்று சாந்தாரெம் நகரச் சந்தையில் பேர். அந்தப் பேரை வாங்கிக் கொடுத்தவை இந்தக் கொட்டகையில் இருக்கிற அறுபது விரல்கள்.

எர்மெலிந்தாவுக்கு நாற்பத்தெட்டு வயது. இன்றைக்கு அவளுக்கு மீனவர் அட்டை கிடைத்தாக வேண்டும். டிசம்பரிலிருந்து மார்ச் வரை அக்காரி முட்டை வைக்கிற காலம்; பிடிக்கத் தடை. அட்டை உள்ளவர்களுக்கு அந்த நாலு மாதமும் அரசாங்க உதவித்தொகை வரும். அவள் புருஷன் வால்தெமிரிடம் ஒரு காலத்தில் அட்டை இருந்தது. அவன் மீனை விட்டுவிட்டு மர ஆலைக்கு வேலைக்குப் போனான், அட்டை ரத்தானது. ஆலையில் முதுகை ஒடித்துக்கொண்டு திரும்பி வந்தான், இரண்டு வருஷமாக வலைத்தூளியில் கிடக்கிறான். போன தடைக்காலத்தை மரவள்ளி மாவும் தண்ணீருமாக ஓட்டினார்கள். திருட்டுத்தனமாக மீன் பிடித்தால் சாப்பிடலாம்தான். ஆனால் இந்த ஏரியில் தடையை ஒழுங்காகக் காக்க வேண்டும் என்று ஊர்க்கூட்டத்தில் முதல் ஆளாகக் கையைத் தூக்கியவளே எர்மெலிந்தாதான். அந்தக் கையால் எப்படித் திருட்டு வலை வீசுவாள்?

வால்தெமிர் ஒரே முடிவாகச் சொல்லிவிட்டான். இந்த வருஷமும் அட்டை வரவில்லையென்றால் வீட்டைப் பிரித்துவிட வேண்டியதுதான். வெள்ளம் ஏறியதும் படகு வாசலுக்கே வரும். பலகைகளை ஏற்றி சாந்தாரெம் ஓரத்தில் அவன் மச்சான் பார்த்து வைத்திருக்கிற மேட்டில் இறக்கி, அங்கே வீடு கட்டிக்கொள்ளலாம். அங்கே எர்மெலிந்தா யார் வீட்டிலாவது துணி துவைக்கலாம். அதை அவன் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. பசியைப் பார்த்துப் பயந்து சொன்னான். அதனால்தான் அவளுக்கு அது இன்னும் அதிகமாக எரிந்தது.

ரெனான் ஒரு கவிழ்த்த கூடையின்மேல் கணினியை வைத்தான். முதல் ஆள் எர்மெலிந்தா. அவள் மீனை உரித்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"உங்க ஓட்டுப் போடற அட்டையில தொழில் 'வீட்டோடு'ன்னு இருக்கேம்மா" என்றான் ரெனான்.

அவ்வளவுதான், கொட்டகை பற்றிக்கொண்டது. எர்மெலிந்தாவின் நாத்தனார் துல்சே துடுப்பைத் தட்டில் ஓங்கி அடித்தாள். "யாரு, எங்க மதினியா வீட்டோட? வெள்ளத்துல ஓடம் கவுந்து, ராத்திரி பூரா மெதக்கற புல்லுத்திட்டப் புடிச்சுத் தொங்கிக்கிட்டு, விடியக்காலம் மீன்கூடையோட வந்தவ இவ! கூடைய விட்டாளா கேளு!"

"வீட்டோட இருக்கறவரப் பாக்கணும்னா அந்தா பாரு தம்பி" என்று எர்மெலிந்தா கொட்டகைக்குப் பக்கத்தில் இருந்த தன் வீட்டு முகப்பைக் கையால் காட்டினாள். "தூளியில கெடக்காரு. அவருக்கு எழுது."

தூளிக்குள்ளிருந்து குரல் வந்தது. "உனக்கு முதுகு ஒடிஞ்சிருந்தாத் தெரிஞ்சிருக்கும்டி!"

"எனக்கு ஒடியறதுக்கு எங்க நேரம் இருக்கு?"

பெண்கள் சிரித்தார்கள். ரெனானும் சிரித்துவிட்டு, அதிகாரிக்கு இது ஆகாதே என்று நினைத்தவன்போல் தொண்டையைச் செருமினான். "தொழில மாத்தலாம்மா. ஆனா நான் சில கேள்வி கேக்கணும். அக்காரிய எப்படிப் பிடிப்பீங்க?"

"எந்த மாசத்துலன்னு கேளு."

"அப்படி இதுல போடலியே…"

"போடாதவன் மீனு தின்னவன், பிடிச்சவன் இல்ல. இப்ப ஏரி சுருங்கிக் கெடக்கு, வலை வீசுனாப் போதும். வெள்ளத்துல புல்லுத்திட்டுக்கு அடியில ஒட்டிக்கிட்டுக் கெடக்கும், முங்கித்தான் எடுக்கணும். டிசம்பர்ல களிமண் கரையில பொந்து தோண்டி முட்டை வைக்கும். பொட்டை வச்சுட்டுப் போயிடும். ஆம்பள மீனுதான் சோறு தண்ணி இல்லாம காவல் இருக்கும்."

"நம்ம ஊருக்கு அப்படி ஒண்ணு வந்தாத் தேவல" என்றாள் துல்சே.

"பொந்துக்குள்ள கைய விட்டா பாம்பா மீனான்னு எப்படித் தெரியும்?" ரெனான் திரையைப் பார்க்காமலே கேட்டான். இது அவனுடைய சொந்தக் கேள்வி.

"சொரசொரன்னு இருந்தா மீனு. வழவழன்னு இருந்தா ஓடி வந்துடணும்."

ரெனான் 'வீட்டோடு' என்பதை அழித்துவிட்டு 'மீனவர்' என்று அடித்தான். எர்மெலிந்தா எழுந்து வந்து, அந்தச் சொல்லைத் திரையில் பார்த்தாள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள், நிதானமாகப் படித்தாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்து கட்டை விரலை எந்திரத்தின் கண்ணாடியில் வைத்தாள்.

சிவப்பு விளக்கு எரிந்தது.

ஆள்காட்டி விரல், சிவப்பு. நடு விரல், சிவப்பு. எலுமிச்சை தேய்த்துக் கழுவினாள். சோப்புப் போட்டாள். நொனாத்தோ படகிலிருந்து கொண்டுவந்த சாராயத்தில் ஒரு சொட்டு விட்டுத் துடைத்தாள். மிச்சத்தை நொனாத்தோ வீணாக்கவில்லை. பத்து விரலும் சிவப்பு. ரெனான் அவள் கையைப் பிடித்துத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தான். விரல் நுனிகள் பளபளவென்று மழுங்கிக் கிடந்தன. சுட்ட ஓட்டைப் பிளந்து பிளந்து, முள் தேடித் தேடி, ரேகை என்று ஒரு கோடு இல்லை.

"கையுறை போடக் கூடாதாம்மா?"

"ஒரு தடவை யாரோ குடுத்தாங்க. போட்டா முள்ளு தட்டுப்படாது. வாங்கித் தின்ன பிள்ளைக்குத் தொண்டையில மாட்டுனா நீயா வந்து எடுப்ப?"

துல்சே வந்து வைத்தாள், சிவப்பு. மற்ற நாலு பேரும் வைத்தார்கள். எந்திரம் சிவப்பைத் தவிர வேறு எதுவும் தெரியாத மாதிரி எரிந்து எரிந்து அணைந்தது.

வெயில் உச்சிக்கு ஏறி, தகரம் படபடவென்று வெடிக்க ஆரம்பித்தது. சாப்பிடாமல் எந்தச் சண்டையும் நடக்காது. மீன்மாவைப் பிசைந்து உருட்டி எண்ணெயில் பொரித்தார்கள். சுட்ட அக்காரியை ஓட்டிலேயே வைத்து, எலுமிச்சையும் மிளகாயும் பிழிந்து, மரவள்ளி மாவு தூவிக் கொடுத்தார்கள். ரெனான் தயங்கினான்.

"விதிப்படி நாங்க எதுவும் வாங்கக் கூடாதும்மா."

"இதுக்குப் பேரு லஞ்சம் இல்ல தம்பி. ஒத்தச் செருப்போட வந்தவனுக்குச் சோறு. தின்னுட்டு எனக்கு எதிரா எழுதணும்னாலும் எழுது."

ஏழு உருண்டை தின்றான். ஓட்டை உறிஞ்சி உறிஞ்சித் தின்னும்போது அவனும் யாரோ ஒரு ஆற்றங்கரைக்காரியின் பேரன்தான் என்று தெரிந்தது. கை கழுவி வந்ததும் அவனுக்குத் தைரியம் வந்திருந்தது. சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"ஒரு வழி இருக்கும்மா. கை வெட்டுப்பட்டவங்களுக்காக இதுல 'விரல் இல்லை'ன்னு ஒரு இடம் வச்சிருக்காங்க. பத்துக்கும் அதைத் தட்டி விட்டுடறேன். எந்திரம் ரேகை கேக்காது. போட்டோ எடுத்தாப் போதும், அட்டை இப்பவே அச்சாகி வந்துடும். போன ஊர்ல ரெண்டு பேருக்கு அப்படித்தான் பண்ணேன்."

வால்தெமிர் எப்போது தூளியை விட்டு எழுந்தான் என்று யாரும் பார்க்கவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு கொட்டகைத் தூணில் சாய்ந்து நின்றான். "நல்ல பிள்ளை! தட்டுப்பா, சீக்கிரம் தட்டு."

"தட்டாத" என்றாள் எர்மெலிந்தா.

துல்சேகூடத் திகைத்துப்போனாள். "மதினி, வெறும் எழுத்துதானே. விரலு எங்க போயிடப் போகுது?"

"எனக்குப் பத்து விரல் இருக்கு. இல்லன்னு நான் எழுதிக் குடுக்க மாட்டேன்."

"ஐயோ, இவ கொழுப்பப் பாரு!" வால்தெமிருக்கு மூச்சு வாங்கியது. "நாலு மாசம் வெறும் மாவக் கரைச்சுக் குடிச்சது மறந்துடுச்சா? அட்டை வாசல்ல வந்து நிக்குது. விரல் இல்லன்னு போட்டா என்ன, தலையே இல்லன்னு போட்டா என்ன? சோறு வருதா, அதப் பாரு!"

"அடுத்த வருசம் வேற ஒருத்தன் வருவான் வால்தெமிரு. 'விரல் இல்லாதவ எப்படி வலை வீசுனா, எப்படி முள்ளு எடுத்தா, இது திருட்டு அட்டை'ம்பான். அப்ப எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பேசுவேன்?"

"அடுத்த வருசத்த அடுத்த வருசம் பாத்துக்கலாம்!"

"அப்படிப் பாத்துத்தான் முப்பது வருசம் போச்சு." அவள் ரெனான் பக்கம் திரும்பினாள். குரல் ஏறவில்லை, ஆனால் எல்லோரும் கையில் இருந்ததைக் கீழே வைத்தார்கள். "எனக்குப் பதினெட்டு வயசு தம்பி. ஓட்டு அட்டைக்குப் பேரு எழுத உன்னை மாதிரியே ஒருத்தன் வந்தான். என்ன வேலை செய்யறன்னு கேட்டான். மீனு பிடிப்பேன், சுடுவேன், மாவு வறுப்பேன்னேன். 'அதெல்லாம் எழுத இடம் இல்லம்மா, வீட்டோடுன்னு போட்டுடறேன், சுலபமா முடிஞ்சுடும்'னான். நல்ல பையன். தண்ணி கேட்டு வாங்கிக் குடிச்சான். எனக்கு நல்லது பண்றதா நெனச்சுத்தான் பண்ணான். அந்த ஒத்த வார்த்தைய அழிக்க நான் ஏறி எறங்காத படி இல்ல. இன்னிக்குத்தான் நீ அழிச்ச. அழிச்ச கையோட இன்னொரு பொய்ய ஏத்தி விடறேங்கற. நீயும் நல்ல பையன்தான். எனக்கு வேணாம்."

ரெனானின் முகம் சிவந்தது. திரையில் அந்தப் பக்கத்தை மூடினான்.

"வேற வழியே இல்லியா?" என்று கேட்டது நொனாத்தோ.

"இருக்கு. 'வேறு காரணம்'னு ஒரு கட்டம். அதுல எழுதலாம். ஆனா நகரத்துல ஒரு குழு உக்காந்து பாக்கும். தடைக்காலத்துக்கு முன்னாடி வரலாம், வராமலும் போகலாம். தள்ளுபடியும் பண்ணலாம். நான் உறுதி சொல்ல முடியாது."

"கேட்டியா?" என்றான் வால்தெமிர்.

"கேட்டேன்" என்றாள் எர்மெலிந்தா. "வராமப் போச்சுன்னா இந்த எந்திரத்துக்கு முன்னால மறுபடியும் வந்து நிப்பேன். பத்து விரலோட. அந்தக் கட்டத்துல எழுது தம்பி."

"நாப்பது எழுத்துக்கு மேல ஏறாதும்மா."

இதைக் கேட்டதும் பெண்கள் கணினியை மொய்த்துக்கொண்டார்கள். துல்சே ஏழு வயதில் முதல் முள் குத்திய கதையிலிருந்து தொடங்கினாள். ரெனான் அவள் முதல் மூச்சிலேயே நாற்பது முடிந்துவிட்டது என்றான். இன்னொருத்தி 'உழைத்தவள்' என்று போடச் சொன்னாள். "ஒப்பாரி வேணாம்" என்றாள் எர்மெலிந்தா. ஒருத்தி, எந்திரத்தை வாங்கியவனை நாலு வார்த்தை திட்டி எழுதச் சொன்னாள். அது நாற்பதுக்குள் அழகாக அடங்கியது. ஆனால் ரெனானின் வேலை போய்விடும் என்பதால் விட்டுவிட்டார்கள். கடைசியில் எர்மெலிந்தா சொல்லச் சொல்ல, விரல் விட்டு எண்ணி எண்ணி, அவன் அடித்தான்:

*பத்து விரலும் உண்டு. ரேகை அக்காரி வேலையில் தேய்ந்தது.*

"எனக்கும் அதேதான்" என்றாள் துல்சே. சற்றுமுன் வெறும் எழுத்துதானே என்றவள் அவள். "ஒரு புள்ளி மாறக் கூடாது." மற்ற நாலு பேரும் தலையசைத்தார்கள். தட்டில் மாவு கருக ஆரம்பித்து, ஒருத்தி ஓடினாள்.

ஆனால் எந்திரம் லேசில் விடுகிற ஜாதி இல்லை. இப்போது அதற்கு ஒரு சாட்சி வேண்டுமாம். விண்ணப்பக்காரிக்குப் பத்து விரலும் இருப்பதைக் கண்ணால் கண்ட உள்ளூர் ஆள், தன் ரேகையை வைக்க வேண்டும். நொனாத்தோ பதிவுப் படகின் ஆள், செல்லாது. ஊர் ஆண்கள் ஏரிக்குள் போயிருந்தார்கள், இருட்டின பிறகுதான் வருவார்கள். கொட்டகையில் ரேகை உள்ள ஒரே உள்ளூர் ஆள் தூணில் சாய்ந்து நின்றான்.

யாரும் அவனைக் கூப்பிடவில்லை. எர்மெலிந்தாவும் கூப்பிடவில்லை. அவள் உட்கார்ந்து அடுத்த மீனை எடுத்து ஓட்டைப் பிளந்தாள்.

"பொய்க்கு என் பேச்சு வேணாமாம். உண்மைக்கு மட்டும் என் விரல் வேணுமாக்கும்" என்றான் வால்தெமிர், பொதுவாக எல்லோருக்கும். கொஞ்ச நேரம் மனைவியின் விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றான். கங்கிலிருந்து எடுத்த மீன், ஆவி பறந்துகொண்டிருந்தது. அவள் முகம் சுளிக்கவில்லை. இருபத்தாறு வருஷமாகப் பார்க்கிற விரல்கள்தான். பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்து கட்டை விரலை வைத்தான்.

முதல் தொடுதலிலேயே பச்சை எரிந்தது.

துல்சேக்கு நாக்கு துறுதுறுத்தது. அண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள். அவள் வாழ்நாளில் இதுபோல் மூடியது இரண்டோ மூன்றோ தடவைதான்.

"சாட்சியோட தொழில்?" என்று கேட்டான் ரெனான்.

எர்மெலிந்தா தலையை நிமிர்த்தினாள். "மீனவர்னே போடு. முதுகு சரியானா ஏரிக்கு வருவாரு."

"வேணாம்" என்றான் வால்தெமிர். "இன்னிக்கு இதுல பொய் ஒண்ணும் ஏற வேணாம். வீட்டோடுன்னே போடுப்பா."

ரெனான் போட்டான். பெண்களில் யாரும் சிரிக்கவில்லை. எர்மெலிந்தா கையிலிருந்த ஓட்டைத் தள்ளி வீசினாள்.

ஆறு பேருக்கும் அவன்தான் சாட்சி. ஆறு தடவை குனிந்து, ஆறு தடவை விரல் வைத்தான். ஆறாவது தடவை ஐயோ என்று முனகினான், ஆனாலும் வைத்தான். எந்திரம் ஆறு துண்டுச் சீட்டுகளைத் துப்பியது. எல்லாவற்றிலும் 'பரிசீலனையில்' என்று மட்டும் இருந்தது. அந்தச் சொல் எர்மெலிந்தாவுக்குப் புதிது. இரண்டு தடவை எழுத்துக் கூட்டினாள்.

வெயில் சாய்ந்துவிட்டது. நொனாத்தோ பெட்டியைத் தூக்கிக்கொண்டார். ரெனான் எந்திரத்தைத் தலையில் ஏற்றப்போனவன் நின்றான்.

"அம்மா, ஒண்ணு விட்டுப்போச்சு. அட்டை வந்தா எங்க அனுப்பணும்? தண்ணி ஏறுனதும் நீங்க வீட்டப் பிரிச்சுக்கிட்டு சாந்தாரெமுக்குப் போறதா நொனாத்தோ சொன்னாரே. புது முகவரி தெரியுமா?"

எர்மெலிந்தா வாயைத் திறந்தாள். அதற்குள் வால்தெமிர் பேசிவிட்டான்.

"யாரு சொன்னது போறோம்னு?" அவன் நொனாத்தோவை முறைத்த முறைப்பில் அந்த மனிதர் ஓர் அடி பின்வாங்கினார். "சான் சிரியாக்கு. ஏரிக்கரை. எர்மெலிந்தா, மீனவர். எழுதுப்பா. அட்டை வந்தாலும் இங்கதான், வரலன்னாலும் இங்கதான்."